பதிமூன்று மாத நாட்டில் மூன்று வருஷம்

குட்டீஸ், முதலில் ஒரு சின்னக் கணக்கு. என் தம்பி பிறந்தது 1965ஆம் ஆண்டு. அவனுக்கு ஆறு வயதும் எனக்கு ஒன்பது வயதும் ஆனபோது, எங்கள் குடும்பம் ஒரு வெளிநாட்டில் போய் இறங்கியது. போன மறுவாரமே அங்கே புது வருஷம் பிறந்தது. கடைச் சுவரில் புதுக் காலண்டர் மாட்டினார்கள். அதில் 1964 என்று போட்டிருந்தது! அப்படியென்றால், அந்த ஊர்க் கணக்குப்படி என் தம்பிக்கு என்ன வயது?

நீங்கள் யோசித்துக்கொண்டே இருங்கள். நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். "டேய், நீ இன்னும் பிறக்கவே இல்லைடா!" என்றேன். அவன் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான். எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

அந்த நாடு எத்தியோப்பியா. ஆப்பிரிக்காவின் கிழக்கில் காண்டாமிருகத்தின் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இருக்கிறது. அட்லஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாங்கள் அங்கே போனது 1971 செப்டம்பரில். அங்கே வருஷத்துக்குப் பதிமூன்று மாதம்! பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா 30 நாள். மிச்சமிருக்கும் ஐந்து நாளை என்ன செய்வது? அதையே 'பாகுமே' என்று பதிமூன்றாவது மாதமாக வைத்துவிட்டார்கள். லீப் வருஷம் என்றால் அதற்கு ஆறு நாள். நம்முடைய செப்டம்பர் 11 அன்று, சில வருஷம் 12 அன்று, அவர்களுக்குப் புத்தாண்டு. ஆண்டுக் கணக்கும் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கும். உலகமெல்லாம் 2000ஆம் ஆண்டைக் கொண்டாடி முடித்து, எல்லோரும் மறந்தும் போன பிறகு, 2007 செப்டம்பர் 12 அன்றுதான் எத்தியோப்பியாவில் 2000 பிறந்தது.

"பதிமூன்றாம் மாதத்துக்கும் சம்பளம் உண்டா?" என்று அம்மா கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். கிடையாதாம்.

அப்பா கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவை ஆண்டவர் ஹைலே செலாசி என்ற பேரரசர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பாடம் நடத்தத்தான் ஆள் போதவில்லை. அதனால் இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இன்றைக்கும் அந்த நாட்டில் வயதானவர்களைச் சந்தித்தால், "எனக்குப் பாடம் நடத்தியவர் இந்தியாக்காரர்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் போன வாத்தியார்களில் ஒருவர்தான் என் அப்பா.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பாட்டி வீட்டு முற்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். பாட்டி பெரிய குண்டானில் குழம்புச் சோறு பிசைந்து, உருண்டை உருட்டி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். தம்பிக்கு மட்டும் நேராக வாயில். "அங்கே யாரு உங்களுக்கு உருட்டிப் போடப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விமானத்தில் ஏறப் போகிற குஷி. பாட்டி ஏன் அழுகிறார் என்று யோசிக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு வாருங்கள்!

எங்கள் ஊரின் பெயர் கோண்டார். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். இரண்டு நாள் பஸ் பயணம். ராத்திரியில் பஸ் ஓடாது. நடுவில் ஓர் ஊரில் தூங்கி எழுந்து போக வேண்டும். வழியில் நீல நைல் நதி ஓடும் பள்ளத்தாக்கில் பஸ் இறங்கும் பாருங்கள், ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே போய், மறுபடி அவ்வளவும் ஏற வேண்டும். தம்பி பை நிறைய வாந்தி எடுத்தான்.

கோண்டார் மலைமேல் இருக்கும் ஊர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு. ஊட்டி மாதிரியே யூகலிப்டஸ் மரங்களும் உண்டு. அதை அவர்கள் 'பாஹர் ஸாஃப்' என்பார்கள். கடல் தாண்டி வந்த மரம் என்று அர்த்தம். ஊர் நடுவில் கற்கோட்டைகள். 1636 வாக்கில் ஃபாசிலிடஸ் என்ற அரசர் கோண்டாரைத் தலைநகராக்கிக் கட்ட ஆரம்பித்தது. பிற்பாடு 1979இல் அவற்றை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்களுக்கு அது கண்ணாமூச்சி ஆடுகிற இடம். அவ்வளவுதான்.

எங்கள் வீடு கோட்டை எல்லாம் இல்லை. யூகலிப்டஸ் கழிகளை நட்டு, வைக்கோல் கலந்த மண்ணைப் பூசிய சுவர். மேலே தகரம். மழை பெய்தால் தகரத்தில் ஆயிரம் பேர் பறை அடிப்பது போலச் சத்தம். கழிப்பறை தோட்டத்துக் கோடியில். ராத்திரியானால் கழுதைப்புலிகள் ஊளையிடும். நான் சொல்வது கதையில்லை. நிஜக் கழுதைப்புலிகள். தெருவில் கிடக்கும் எலும்பைத் தின்ன ஊருக்குள்ளேயே வரும். அதனால் நானும் தம்பியும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம்!

அப்பா பள்ளியில் போய் வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கிருந்த காவல்காரர் இரண்டு விரலைக் காட்டி, "நாளைக்கு இரண்டு மணிக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் அப்பா சாப்பிட்டு, கோட்டு மாட்டி, மிகச் சரியாகப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றார். காலையிலிருந்து அவருக்காக வகுப்பு காத்திருந்ததாம்! காவல்காரர் சொன்னதும் சரி, அப்பா போனதும் சரி. அப்புறம் எங்கே தப்பு?

எத்தியோப்பியாவில் சூரியன் உதிப்பதிலிருந்து மணி எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நம் எட்டு மணிதான் அவர்களுடைய இரண்டு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் வருஷம் முழுக்க ஆறு மணியையொட்டியே விடியும். அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குக் குழப்பமே இல்லை. நம் முன்னோர்களும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். பாட்டி "உதயாதி பத்து நாழிகை" என்றெல்லாம் சொல்வார். அப்பா வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாலாவது படித்தவள் ஒன்றாவதில்!

எனக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். அங்கே உயர்நிலைப் பள்ளியில்தான் ஆங்கிலத்தில் பாடம். சின்ன வகுப்புகளில் எல்லாம் அம்ஹாரிக் மொழி. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எனவே இங்கே நாலாம் வகுப்பு பாஸான என்னைத் தம்பியோடு சேர்த்து ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால், என் பெஞ்சிலேயே பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன், அந்த வருஷம்தான் பள்ளிக்கு வருகிறான். செருப்பில்லாமல் தினமும் இரண்டு மணி நேரம் நடை. அவனுக்கு முன்னால் என் ரோஷம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

(அங்கே பள்ளிக்கு ஓடியே வந்து உலக வீரர் ஆனவர் ஒருவர் உண்டு. ஹைலே கெப்ரசெலாசி. சின்ன வயதில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிப் பள்ளிக்குப் போவாராம், அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு. 1996, 2000 ஒலிம்பிக்குகளில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அப்போதும் இடது கையைப் புத்தகம் இடுக்கியது போலவே மடக்கி வைத்துக்கொண்டு ஓடுவார்! அவருக்கு முன்னோடி அபேபே பிகிலா. 1960இல் ரோம் நகரில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை ஜெயித்தவர்.)

அம்ஹாரிக் எழுத்துக்கு 'ஃபிதல்' என்று பெயர். மொத்தம் 33 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு உருவம். பெருக்கிப் பாருங்கள், 231. "அடேங்கப்பா!" என்று மலைக்காதீர்கள். நம் உயிர்மெய் மட்டுமே 216 ஆச்சே! நாம் 'க'வுக்குக் கால் போட்டால் 'கா', கொம்பு போட்டால் 'கெ' என்கிறோம். அவர்களும் அப்படித்தான். எழுத்துக்கு ஒரு கோடு இழுத்தால் ஓர் ஒலி, காலை ஒடித்தால் இன்னோர் ஒலி. "ஹ, ஹூ, ஹீ, ஹா, ஹே, ஹ், ஹோ" என்று அறுபது பேர் கூரை அதிரக் கத்துவோம். தமிழ் தெரிந்த எனக்கு இந்த முறை சட்டென்று பிடிபட்டது. மூன்று மாதத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் பேசத்தான் வாய் வரவில்லை. அவர்கள் மொழியில் தொண்டையை இறுக்கி, சொடக்குப் போடுவது போலச் சொல்லும் எழுத்துகள் சில உண்டு. நான் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பதிலுக்கு நான் அவர்களை 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். கணக்கு சரியாகிவிட்டது.

ஆனாலும் முதல் ஒரு மாதம் நான் பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. எழுந்து நின்று ஏதாவது சொல் என்றால் அழுகைதான் வரும். பின்னாளில் நானும் பயிற்சி முடித்து டீச்சராகி முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மொழி தெரியாத குழந்தை வகுப்புக்குப் புதிதாக வந்தால், முதல் நாளே எழுந்து நிற்கச் சொன்னதே இல்லை.

தெருவில் போனால் வாண்டுகள் "ஃபெரெஞ்சி! ஃபெரெஞ்சி!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வரும். வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம். தம்பிக்குக் கோபமாக வரும். அப்பா ஒருநாள் சொன்னார்: "அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர்ப் 'பரங்கி'தான். பரங்கிமலை, பரங்கிக்காய் என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒரே இடத்தில் பிறந்தவை." அதற்குப் பிறகு யாராவது கத்தினால் தம்பியும் திரும்பி, "பரங்கிக்காய்!" என்று கத்துவான்.

பெயர் வைக்கும் முறையைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர். நாம் இனிஷியலாக முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுசாகப் பின்னால் போடுகிறார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆசிரியருக்கு 'அஸ்தமாரி', மாணவருக்கு 'தமாரி'. 'அஸ்' சேர்த்தால் கற்பவர் கற்பிப்பவர் ஆகிவிடுவார்!

திருப்பி நீட்டாத கை

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். வயதில் பெரிய பெண்களை அங்கே 'எமாமா' என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாங்கள் போன செப்டம்பர் கடைசியில் 'மெஸ்கல்' பண்டிகை வந்தது. அப்போது மலை முழுக்க மஞ்சள் பூ பூத்திருக்கும். தெருவில் கழிகளைக் கூம்பு போல நட்டு, பூ வைத்து, தீ மூட்டுவார்கள். நம் போகி மாதிரி இருக்கும். எமாமா எங்களை அன்று சாப்பிடக் கூப்பிட்டார்.

அவர்கள் சாப்பாடு இன்ஜெரா. 'டெஃப்' என்று ஒரு தானியம், கடுகைவிடப் பொடி. அதன் மாவைக் கரைத்து, பழைய புளித்த தண்ணீரைச் சேர்த்து, மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். பெரிய மண் கல்லில் ஊற்றி மூடி போட்டு வேக வைப்பார்கள். நம் ஆப்பம் மாதிரி மேலெல்லாம் கண் கண்ணாக ஓட்டை விழும். திருப்பிப் போடுவதில்லை. ஒரு வித்தியாசம், அம்மா தோசையை நடுவில் ஊற்றி வெளியே இழுப்பார். எமாமா வெளி வட்டத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார். கல்லும் வண்டிச் சக்கரம் போல அவ்வளவு பெரிசு.

நாங்கள் சைவம். "இறைச்சி வேண்டாம்" என்று அப்பா சைகையில் சொன்னார். அங்கே பெரும்பாலோர் புதன், வெள்ளி மற்றும் பல நீண்ட விரத காலங்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள். எங்களுக்கு எல்லா நாளும் அப்படித்தான் என்று தெரிந்ததும் எமாமா கண்ணை அகல விரித்தார். நாங்கள் மகா பக்திமான்கள் என்று நினைத்துவிட்டார்! மசூர் பருப்பில் காரமாக ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தார். கூடை போல முடைந்த மேஜையில் ஒரே பெரிய தட்டு. அதைச் சுற்றி எல்லோரும். கை கழுவ ஒருவர் சொம்பில் தண்ணீர் ஊற்றுகிறார். வலது கையால்தான் சாப்பிட வேண்டும். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே? நான் ஜோராகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

திடீரென்று எமாமா ஒரு துண்டு இன்ஜெராவைக் கிள்ளி, பருப்பைச் சுருட்டி, பெரிய கவளமாக்கி, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா எச்சில் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவர், தான் சாப்பிட்ட கையால் ஊட்டுவதா? உதட்டை இறுக மூடித் தலையை வேகமாக ஆட்டினேன். எமாமாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. தம்பி எட்டிப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறந்தான். கவளம் அவனுக்குப் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், எமாமாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருதடவைகூட அவர் என் பக்கம் கையை நீட்டவில்லை.

அதற்கு 'குர்ஷா' என்று பெயர், வேண்டியவர்களுக்குத் தன் கையால் ஊட்டுவது, மறுத்தால் மனசு வருத்தப்படுவார்கள் என்று அப்பாவின் பள்ளியில் வேலை பார்த்தவர்கள் மறுநாள் சொன்னார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. நான் பல வாரம் எமாமா வீட்டு வேலியோரம்கூடப் போகவில்லை.

பெரியவர்களுக்குள் சிநேகம் காபியால் வளர்ந்தது. காபி பிறந்த நாடே எத்தியோப்பியாதானே! எமாமா பச்சைக் காபிக் கொட்டையைக் கழுவி, கண்ணெதிரே வறுப்பார். புகை வரும்போது சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டுவார், மணம் பிடிப்பதற்கு. இடித்து, 'ஜெபெனா' என்ற கறுப்பு மண் கூஜாவில் காய்ச்சி, சின்னச் சின்னக் கிண்ணத்தில் மூன்று முறை தருவார். முதல் சுற்று 'அபோல்', இரண்டாவது 'தோனா', மூன்றாவது 'பெரெகா'. மூன்றும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. தொட்டுக்கொள்ளப் பொரித்த சோளம். அம்மா ஒருநாள் தன் பித்தளை ஃபில்டரை எடுத்துப் போய், டிகாக்ஷன் இறக்கி, பால் ஊற்றி எமாமாவிடம் கொடுத்தார். எமாமா ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு மிச்சத்தை என் தம்பியிடம் கொடுத்துவிட்டார்!

மற்றபடி நாட்கள் ஓடின. சனிக்கிழமைச் சந்தையில் அம்மா பருப்பு, வெந்தயம், மல்லி எல்லாம் கண்டுபிடித்தார். அரிசிதான் குதிரைக் கொம்பு. புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம். சாயங்காலம் அப்பாவின் மாணவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பலர் கிராமத்துப் பையன்கள். நாலைந்து பேராக ஓர் அறை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, தெருவிளக்கின் அடியில் படிப்பார்கள். சிலருக்கு மீசையே முளைத்திருக்கும். அப்பா அவர்களுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது முட்டை கொண்டுவந்து தருவார்கள். வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, சாப்பிடவும் முடியாது. அம்மா அதை எமாமாவின் கோழிக்குக் கீழே வைத்துவிடுவார். எமாமா வீட்டில் கோழிக்குஞ்சு பெருகிக்கொண்டே போயிற்று.

மூலையில் கறுப்பு மை

அங்கே தபால்காரர் வீட்டுக்கு வர மாட்டார். தபால் நிலையத்தில் எண் போட்ட பெட்டி இருக்கும். நாம்தான் போய்த் திறந்து எடுக்க வேண்டும். 1973 மார்ச்சில் ஒருநாள் அப்பா தபாலோடு வந்தார். கடிதத்தை அம்மாவிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். கல்யாணக் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள். சாவுச் செய்தி என்றால் கறுப்பு மை. பிரிக்காமலே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பாட்டி இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. 'தந்தி கொடுத்தாலும் உங்களால் வர முடியாது, எதற்குப் பதற வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்' என்று தாத்தா எழுதியிருந்தார்.

அம்மா கடிதத்தைப் படித்தார். கிழித்துப் போட்டார். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு சுவரோரம் உட்கார்ந்தார். அன்று அடுப்பு எரியவில்லை. மறுநாளும் அம்மா எதுவும் சாப்பிடவில்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார். நம் ஊராக இருந்தால் அத்தை, சித்தி, பெரியம்மா என்று வீடு நிறைந்திருக்கும். யாராவது சோறாக்கிக் கொண்டுவந்து, கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்திருப்பார்கள். அங்கே நாங்கள் நாலே பேர்.

நான் வேலியோரம் நின்றிருந்தேன். எமாமா பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். இதற்குள் நான் அம்ஹாரிக் நன்றாகப் பேசுவேன். "அயாத்தே மொதெச்" என்றேன். என் பாட்டி இறந்துவிட்டார் என்று அர்த்தம். நம் 'ஆயா', 'ஆத்தா' போலவே அங்கே பாட்டிக்கு 'அயாத்'. அதைச் சொல்லும்போதுதான் எனக்கே முதல்முதலாக அழுகை வந்தது.

ஒரு மணி நேரத்தில் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. தெருப் பெண்கள் எல்லோரும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வந்து, தரையில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியே அப்பாவோடு ஆண்கள். அப்பாவின் மாணவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பாட்டியை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் துக்கவீட்டைத் தனியாக விடுவது அங்கே வழக்கமில்லை. மூன்று நாள் மாறி மாறி வந்தார்கள். யாரோ காபி காய்ச்சினார்கள், யாரோ தண்ணீர் தூக்கி வந்தார்கள், தம்பியை யாரோ குளிப்பாட்டிவிட்டார்கள்.

எமாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உன் பாட்டி எப்படிப்பட்டவர்? சொல்" என்றார். இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும், அதுதான் மரியாதை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி சொல்ல அழுதவள் நான். அன்றைக்குச் சொன்னேன். பாட்டி காதில் பெரிய தோடு போட்டிருப்பார் என்று சொன்னேன். எல்லா நட்சத்திரத்துக்கும் பெயர் சொல்வார் என்று சொன்னேன். ராத்திரி முற்றத்தில் எங்களை உட்கார வைத்து, சோற்றை உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பார், தம்பிக்கு மட்டும் வாயில் என்று, கையால் உருட்டிக் காட்டியே சொன்னேன்.

எமாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "குர்ஷா" என்றார், பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

பிறகு எழுந்து போய், தட்டில் இன்ஜெராவும் பருப்பும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கவளம் சுருட்டி, வாயருகே கொண்டுபோனார். எனக்குத் திக்கென்றது. டம்ளர் மாற்றிக் குடித்தாலே கண்டிக்கிற அம்மா! அம்மா எமாமாவின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்றுகொண்டே அழுதார். எமாமா இரண்டாவது கவளம் கொடுத்தார். மூன்றாவதும் கொடுத்தார். ஒன்றோடு நிறுத்தக் கூடாதாம்.

அடுத்து எமாமா என் பக்கம் திரும்பினார். கை தட்டிலேயே இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவர் மறக்கவில்லை. நான் தட்டைத் தொட்டு இழுத்து, எனக்குத் தெரிந்த அளவில் ஒரு துண்டைக் கிள்ளிச் சுருட்டினேன். பாதிப் பருப்பு ஒழுகிவிட்டது. அதை எமாமாவின் வாயருகே நீட்டினேன். என் கை நடுங்கியது. அவர் வாங்கிக்கொண்டார். அப்புறம் எனக்கு மூன்று கவளம் கொடுத்தார். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு, மூச்சு முட்டியது!

1974 பிப்ரவரியில் நாடு கொந்தளித்தது. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், மாணவர் ஊர்வலம், பள்ளிகள் மூடல். வடக்கில் வொல்லோ, டிக்ரே பக்கம் பஞ்சத்தில் ஏராளமான மக்கள் இறந்த சேதி அதற்கு முன்பே பரவியிருந்தது. அப்பாவின் ஒப்பந்தமும் முடிந்தது. ஆகஸ்டில் கிளம்பினோம். நாங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு, செப்டம்பர் 12 அன்று பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டதாகப் பேப்பரில் படித்தோம். திண்ணையில் கணக்குப் போட்ட அந்த மாணவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று அப்பா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றிரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கிளம்பின அன்று பஸ் பன்னிரண்டு மணிக்கு. பயந்துவிடாதீர்கள், அவர்கள் பன்னிரண்டு மணி, அதாவது விடிகாலை ஆறு. குளிரில் எமாமா பஸ் நிலையம் வரை நடந்து வந்தார். வழியில் கொறிக்க, மாவைச் சின்னச் சின்னதாக உருட்டி வறுத்த 'டாபோ கோலோ'வை ஒரு துணியில் முடிந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தன் பித்தளை ஃபில்டரை அவரிடம் கொடுத்தார். எமாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தம்பியின் வாயில் ஒரு பிடி டாபோ கோலோவைத் திணித்தார். அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.